செத்தவீட்டுக்குப் போய்வந்த கலியாணக் கதிரைகள்

நீங்கள் எப்போதாவது கதிரை விற்றிருக்கிறீங்களோ? இல்லையென்றால் நிம்மதியாக இருங்கள். ஒரு கதிரையில் குந்தி எழும்பத் தெரிந்த எல்லாருமே கதிரையைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களாகிவிடுகிற தொழில் இது. கடை வைத்து, நல்ல புத்தி சொல்லி, அதற்கும் பேச்சு வாங்குகிற என் சகோதரங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் கொஞ்சமாவது திருந்துங்கள்.

முள்ளியவளையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் தென்னோலைக் கிடுகு போட்ட கொட்டில்தான் கடை. என் வீட்டுக்காரர் பின்னால் நின்று தச்சு வேலை செய்வார். நான் ஒரு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்று விற்பேன். தேய்ப்பதும் பூசுவதும் என் வேலை. கடை ஓடினால் அவர் என் கண்ணுக்கு முன்னால் இருப்பார். ஓடாவிட்டால் பழையபடி விறகு வெட்டக் காட்டுக்குள் போகவேண்டும். முன்பு அவரோடு விறகுக்குப் போன ஒருவர் மிதிவெடியில் ஒரு காலைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர். அதனால் ஆர் வந்து கடையைக் குறை சொன்னாலும் எனக்கு முதலில் அந்த மனிதரின் கால்தான் நினைவுக்கு வரும், பிறகு கோபம் வரும்.

அந்த நேரம் எங்களிடம் ஒரு பெரிய ஓடர் இருந்தது. சிலாவத்தைக் கடற்கரையிலிருந்து வந்த திரேசம்மாக்கா மகளின் கலியாணத்துக்கு ஒரு சோடிக் கதிரைகளும் மேசையும் சொல்லியிருந்தார். அவர்களின் கிறிஸ்தவக் கோயிலில் கலியாண அறிவித்தல் வாசித்து முடிவதற்குள் சாமான் வீட்டுக்கு வரவேண்டும் என்றார். போகும்போது சொன்னதுதான் எங்களைப் பிடித்து உலுப்பியது: "இது சரியா வந்தால் எங்கட கோயில் சனம் முழுக்க உன்னட்டைத்தான் வரும் பிள்ளை. பிழைச்சுதோ, அதுவும் கோயில் முழுக்கத் தெரிய வரும்."

தட்டிப் பார்க்கிற ஆம்பிளையள்

ஒரு நாள் சைக்கிளில் வந்து இறங்கிய ஐயா ஒருவர் என்னையும் பார்த்தார், இடுப்பில் இருந்த பிள்ளையையும் பார்த்தார். "வீட்டிலை ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்றார். இருக்கிறார், பின்னால் வேலையாக நிற்கிறார், என்ன வேணும், என்னைக் கேளுங்கோ என்றேன். "இல்லைப் பிள்ளை, மரம் எண்டால் ஆம்பிளையளோடைதானே கதைக்கவேணும்" என்றார். நான் கூப்பிட்டேன். அவர் மரத்தூளோடு எட்டிப் பார்த்து, "விலை, மரம், எல்லாம் அவவைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்விட்டார்.

ஐயா பிறகு மேசைகளைத் தட்டிக்கொண்டு திரிந்தார். முதிரை மரத்தில் செய்த எங்கள் புதிய மேசையைத் தட்டி உதட்டைப் பிதுக்கினார். மூலையில் ஒரு பழைய மேசை நின்றது. பெயின்ற் மேல் பெயின்ற் அடித்து, ஒரு கால் உக்கிப்போய், ஆரோ திருத்தத் தந்தது. அதைத் தட்டிவிட்டு முகம் மலர்ந்தார். தட்டினால் ஒன்றும் தெரியாது, என் சகோதரங்களே! மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே மினுக்குவது லேசு. அடிப்பக்கம்தான் உண்மை சொல்லும். பலகையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்து கிடந்தால் பச்சை மரம், மாரி முடிய வளையும். இதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். அது திருத்த வந்த சாமான், விற்கிறதில்லை என்றும் சொன்னேன். சைக்கிளில் ஏறி ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு அவர் சொன்னார்:

"திருத்த வந்ததே இவ்வளவு திறமெண்டால், நீங்கள் என்னத்துக்குப் பிள்ளை புதுசு செய்யிறியள்?"

இரண்டாய்ப் போன கட்டில்

எங்கள் கட்டில்களில் இரும்பு ஆணி இருக்காது. சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று போய் மர ஆப்பில் நிற்கும். ஆப்பைத் தட்டினால் கட்டில் துண்டு துண்டாகக் கழன்று வரும். மிசினில், அதாவது உழவு இயந்திரப் பெட்டியில், அடுக்கிக்கொண்டு வெளிக்கிடலாம். எங்கள் பக்கத்தில் எந்தச் சனம் ஒரே வீட்டில் ஐந்து வருசம் படுத்தெழும்பியது? அதற்காகத்தான் என் வீட்டுக்காரர் இப்படிச் செய்கிறார். வாங்குகிறவர்களிடம் நான் ஒரே ஒரு சொல்தான் சொல்வது: கொஞ்சம் ஆடினால் ஆப்பை ஒரு தட்டுத் தட்டுங்கோ, தயவுசெய்து ஆணி மட்டும் அடிக்காதேங்கோ.

ஒட்டுசுட்டான் பக்கத்து அண்ணை ஒருவர் கேட்டாரோ? ஆடுது என்று நாலு மூலைக்கும் ஆறு அங்குல ஆணி அடித்து இறுக்கிவிட்டார். பிறகு சண்டை நெருங்கி அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் ஒரேயடியாக வெளிக்கிட வேண்டி வந்தது. மிசின் வாசலில் நிற்கிறது, பீரங்கிச் செல் விழுகிற சத்தம் கேட்கிறது, கட்டில் கழருதில்லை. அவர் வாளை எடுத்து நடுவாலே அறுத்துவிட்டார்! முதிரைச் சட்டத்தை! அதோடு விட்டாரா? போகிற வழியெல்லாம், முள்ளியவளைக் கட்டில் கழராது, வாங்காதேங்கோ என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அந்தக் கதை எங்களிடம் திரும்பி வந்தபோது கட்டிலுக்குச் சொன்ன இரண்டு பேர் வேண்டாமென்று போய்விட்டார்கள். நான் அவர் இருந்த இடத்தைத் தேடிப் போய்ப் பேசுவதற்குச் சீலை மாற்றிக்கொண்டு நின்றேன். அதற்குள் அவரே இரண்டு பாதியையும் தூக்கிக்கொண்டு வந்து கடை வாசலில் போட்டார். துளிகூட வெட்கமில்லை.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. இதை ரெண்டு சின்னக் கட்டிலாச் செய்து தாங்கோவன்."

ரீச்சரின் சீலை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ரீச்சர் நல்லவா. அலுமாரி வாங்கினா. அவவின் வீடு மண்சுவர், சாணி மெழுகின நிலம். சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கோ ரீச்சர், நாலு காலுக்கும் கல் வையுங்கோ, கிழமைக்கொருக்கால் குனிந்து காலைப் பாருங்கோ என்றேன். காலின் அடியில் மிசினின் கழிவு ஒயிலும் நானே பூசி அனுப்பினேன். கறையான் அந்த மணத்துக்கு வராது.

மாரி முடியப் போய்ப் பார்த்தால், கறுப்பாய் இருக்குது என்று ஒயிலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருக்கிறா. கல் வடிவில்லை என்று எடுத்தாயிற்று. அலுமாரி சுவரோடு ஒட்டி நிற்கிறது. அதற்கு மேல், தானே ஊசி வேலை செய்த பூப்போட்ட சீலையைத் தலையிலிருந்து நிலம் வரைக்கும் விரித்துவிட்டிருக்கிறா. அலங்காரமாம். அலங்காரம் செய்ய வேண்டாமென்று நான் சொல்லவில்லை. என் கொட்டிலிலும் போத்தலில் குரோட்டன் கொப்பு வைத்திருக்கிறேன். ஆனால் காலை மூடாதேங்கோ! மரச் சாமானுக்குக் காத்துப் படவேணும், உங்கள் கண்ணும் படவேணும். நான் சீலையைத் தூக்கினேன். பின்பலகை முழுக்கக் கறையான் மண். விரலை வைத்தேன், விரல் உள்ளே போயிற்று. உள்ளே இருந்த கூறைச் சீலையும் பிள்ளைகளின் படங்களும் அரிபட்டுப் போயின. பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஊருக்கு அது ரீச்சரின் சீலை தின்ற அலுமாரி இல்லை, எங்கள் கடை அலுமாரி. நான் மூச்சு விடாமல் கத்தி முடித்தேன். ரீச்சர் என் கையிலிருந்த சீலை நுனியை வாங்கி நீவிவிட்டுச் சொன்னா:

"அது கிடக்கட்டும். இந்தப் பூவேலை வடிவாயிருக்கோ இல்லையோ, அதை முதல்ச் சொல்லு."

வார்னிஷ் வரும்வரை

கட்டிலுக்கு ஆளில்லை, அலுமாரிக்கு ஆளில்லை. மிச்சமிருந்தது திரேசம்மாக்காவின் கதிரைகள் மட்டும்தான். அதில் இவர் உயிரைக் கொடுத்து வேலை செய்தார். நான் தேய்த்துத் தேய்த்துக் கன்னம் மாதிரி ஆக்கி வைத்தேன். இனி வார்னிஷ் பூசுவதுதான் பாக்கி. வவுனியாச் சோதனைச்சாவடியைத் தாண்டி வார்னிஷ் வருவது குதிரைக்கொம்பு. தேன்மெழுகை உருக்கி, துளி மண்ணெண்ணெய் விட்டுப் பூசினாலே நல்ல மினுக்கம் வரும். வீட்டில் இருக்கிற சாமானுக்கு நீங்கள் அதைச் செய்யுங்கோ. தேங்காயெண்ணெய் மட்டும் பூசாதேங்கோ, தூசி ஒட்டிச் சிக்கு மணக்கும். ஆனால் திரேசம்மாக்கா வார்னிஷ்தான் வேணும் என்றுவிட்டார். அந்தப் பக்கம் போய்வருகிற ஒரு ஆளிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். பூசாத மரம் பச்சைப்பிள்ளை மாதிரி. எதைக் காட்டினாலும் வாயில் வைக்கும். தண்ணி, எண்ணெய், வியர்வை, எல்லாவற்றையும் குடிக்கும்.

அந்தக் கிழமைதான் எங்கள் குறுந்தெருவில், அந்த ஒழுங்கை முடக்கில் இருந்த வேலுப்பிள்ளையர் போய்ச் சேர்ந்தார். எங்கள் ஊரில் ஒரு சாவு என்றால் ஆரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. இளைஞர் வீடு வீடாக வந்து கதிரை, நீட்டு வாங்குப் பலகை எல்லாவற்றையும் தூக்கிப் போவார்கள். அடியில் அந்தந்த வீட்டுப் பெயரின் எழுத்து இருக்கும். காடாத்து, அதாவது சாம்பல் அள்ளுகிற சடங்கு, முடியத் திரும்பி வந்துவிடும். அது நல்ல வழக்கம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கடையும் ஒரு வீடு என்று நினைத்துவிட்டார்களே! இவர் மரம் பார்க்கப் போயிருந்தார். நான் கிணற்றடியில் மகளை முழுகவார்த்துக்கொண்டு நின்றேன். தலையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால், கதிரைகள் நின்ற இடம் வெறுமை.

ஓடினேன். பந்தலுக்குள் என் கதிரைகளில் கிழவர்கள் இருக்கிறார்கள், வாய் நிறைய வெற்றிலை. பக்கத்தில் பறை அடிக்கிறது, பெண்டுகள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அந்த இடத்தில் எப்படி "எழும்புங்கோ" என்பது? செத்த மனிதரோடு கோபிக்கவும் ஏலாது. நான் நின்று பல்லைக் கடித்தேன். ஆரோ நான் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தடவிவிட்டார்கள்.

காடாத்து முடிந்த பின்னேரம் கதிரைகள் வந்தன. கைபிடியெல்லாம் சுண்ணாம்பு விரல். இருக்கைப் பலகையில் சிவப்பு வெற்றிலைச் சாறு. போதாக்குறைக்கு, மாறிப்போகக் கூடாதென்று ஒவ்வொன்றின் முதுகிலும் கறுப்புப் பெயின்றால் "கடை" என்று எழுதியிருந்தார்கள். ஊரில் எந்தச் சாவையும் முன்னின்று நடத்துகிற எங்கள் அயல்வீட்டுச் சிவராசா அண்ணைதான் கொண்டுவந்து இறக்கினார். நான் கதிரையைத்தான் சுட்டிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"புதுக் கதிரை எண்டு தெரியும் தங்கச்சி. அதுதான் சின்னப் பெடியளை இருக்கவிடாமல், வயசானாக்களாப் பாத்து இருத்தினனான்."

பூசைக்குப் பிறகு

என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சீவுளியை எடுத்தார். "சீவினால் போகும். அக்காவுக்கு ஒண்டும் சொல்லாதையும்" என்றார். எனக்கு அவரிலும் கோபம். எங்கள் ஊரில் மீன் விற்கிறவர் சிலாவத்தையால்தான் சைக்கிளில் வருகிறார். அவருக்குத் தெரிந்தால் கடற்கரைக்குத் தெரியும். கலியாணக் கதிரை செத்தவீட்டுக்குப் போய்வந்தது என்று எங்கள் பக்கத்தில் சொன்னால், அதை வாசல் படலைக்குள்ளேயே எடுக்கமாட்டார்கள். அந்த இரண்டு நாளும் விறகுக்குப் போகிற கோடரியை வீட்டுக்குப் பின்னால் கோடியில் கண்டபோதெல்லாம் அதை எடுத்து இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு திரேசம்மாக்கா வந்துவிட்டார், தலை முக்காடு எடுக்காமலே. நேரே ஒரு கதிரையைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார், பிறகு நிமிர்த்தினார். இவர் இன்னும் சீவத் தொடங்காத கதிரை அது. சிவராசா அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். மறைக்க எனக்கு வாய் வரவில்லை. பிணம், பந்தல், வெற்றிலை, "கடை" என்ற எழுத்து, எல்லாவற்றையும் கத்தியே சொன்னேன். கடைசியில், "உங்களுக்கு வேண்டாமெண்டால் இப்பவே சொல்லிப்போடுங்கோ அக்கா, நான் என்ர மனிசனைக் காட்டுக்கு அனுப்ப ஆயத்தப்படுத்தவேணும்" என்றேன்.

திரேசம்மாக்காவுக்கும் நல்ல கோபம். "செத்தவீட்டுக்குப் போனதுக்கு இல்லையடி எனக்குக் கோவம். எங்கட கடக்கரையிலை செத்தவீட்டிலை இருக்காத கதிரை ஒண்டு காட்டு பாப்பம்! இந்த வெத்திலையைப் பார், வெத்திலையை! மனிசரோ அவையள்?" என்று வேலிப்பக்கம் பார்த்தே பேசினார். பிறகு அந்தக் கறைக்கு மேலேயே சட்டென்று இருந்தார். கனத்த உடம்பு. இரண்டு தரம் அப்படியும் இப்படியும் அசைந்து பார்த்தார். கதிரை முனகவில்லை.

"இருக்கைப் பலகையை முழுக்கச் சீவு. முதுகிலை எழுதினதுக்கு மேலை ஏதும் பூ வெட்டு. நான் சொன்ன நாளுக்குத் தா" என்று இவரிடம் சொன்னார். ஓடர் நிற்குதோ என்று கேட்டேன். நிற்கும் என்றார். எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

மேசை வாங்குங்கோ, கட்டில் வாங்குங்கோ, ஆணி அடிக்காதேங்கோ, சீலையால் மூடாதேங்கோ என்று இவ்வளவும் எழுதினேன். ஆனால் எங்கள் பக்கத்தில் கதிரை பழுதாகாமல் இருப்பதற்கு உண்மையில் என்ன செய்யவேண்டும் என்பதைத் திரேசம்மாக்காதான், படலையடியில் நின்று, சிவராசா அண்ணையைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார்:

"தம்பி, என்ர பிள்ளையின்ர கலியாணம் முடியும் மட்டும், தயவுசெய்து இந்த ஒழுங்கையிலை ஒருத்தரையும் சாகவிடாதையுங்கோ."