ஸ்டெல்லா அக்காவின் குரலும் என் லேப்டாப்பும்

இன்று சர்ச் முடிந்ததும் ஸ்டெல்லா அக்கா எங்கள் சேலையூர் வீட்டுக்கு வந்தார். கொயரில் நான் கீபோர்டு, அவர் பாட்டு.

அடுத்த வாரம் அவருக்குத் தைராய்டு ஆபரேஷன். குரல் கொஞ்சம் மாறலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதற்குள் அவரே மெட்டமைத்த பாட்டைப் பதிவு செய்துவிட வேண்டும்.

பாட ஆரம்பித்ததுமே ஹெட்போனில் பொரி வறுக்கிற மாதிரி சத்தம். லேப்டாப் திணறுகிறது என்று, ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரைக் கூட்டினேன். பொரி நின்றது. ஆனால் அவர் குரல் அவருக்கே தாமதமாகக் கேட்டது. இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டார்.

"பின்னாடி வேற யாரோ பாடற மாதிரி இருக்குப்பா. ஆபரேஷனுக்கு அப்புறம் என் குரல் எனக்கு இப்படித்தான் கேட்குமோ?"

"ரெண்டு நிமிஷம்க்கா" என்று லேப்டாப் பக்கம் குனிந்துகொண்டேன்.

வைஃபை, ப்ளூடூத், பேட்டரி சேவர், பின்னால் ஓடிய ஆபீஸ் ஆப்கள் எல்லாவற்றையும் அணைத்தேன். நான் வாசித்து வைத்திருந்த பின்னணி இசையை ஒரே ஆடியோ ஃபைலாக மாற்றினேன். லேப்டாப்புக்குப் பாரம் குறைந்தது. பஃபரையும் குறைத்தேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினார். ஒரு பொரிகூட வெடிக்கவில்லை.

"இன்னொரு டேக் போலாமாக்கா?"

"வேணாம். அதை ஆஸ்பத்திரியிலேருந்து வந்து பாடறேன். அதுவரைக்கும் நீ லேப்டாப்புல எதையும் மாத்தாம அப்படியே வை."

சரி என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு வைஃபை அணைத்து வைத்த அதே லேப்டாப்பில்தான் ஆபீஸ் மீட்டிங். மேனேஜரிடம் என்ன சொல்லலாம், நீங்களே சொல்லுங்கள்.