கணக்கு வந்தது, பில்லின் படம் வரவில்லை

1998 ஜூலை 9, வியாழக்கிழமை. வழக்கம்போல் காலை 7.40க்குக் கல்முனையில் எங்கள் ஹார்ட்வெயார் கடையைத் திறந்தேன். மேசையைத் துடைத்தேன். கொம்பியூட்டரின் துணி உறையை நான்காக மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

நான் அங்கே கணக்கெழுதும் கிளாக்கர். முதலாளி ஹாஜியாரின் வீட்டு, வயல் செலவுகளைப் பதிவதற்காகக் கொழும்பிலிருந்து ஒரு சொப்ட்வெயார் வாங்கியிருந்தோம். பில்லை ஸ்கேன் செய்தால் அது படமாகி அந்தந்தச் செலவோடு சேர்ந்துவிடும். வாரம் தவறாமல் பேக்கப் எடுத்து வந்தேன். அந்தத் திங்களன்று ஹார்ட் டிஸ்க் பழுதாகிப் புதியது போட்டபோது, என் ஃபுளொப்பியிலிருந்து மூன்றே நிமிடத்தில் கணக்கு முழுவதும் திரும்பி வந்தது. ஒரு வருடப் பில்கள் ஒரே ஃபுளொப்பியில் அடங்கியதை என் கெட்டித்தனம் என்றே நினைத்திருந்தேன்.

9.15க்கு ஹாஜியார் வந்தார்.

"கிளாக்கர், சவளக்கடை வயல்ல தண்ணிப் பம்பி எஞ்சின் இறுகிட்டு. வேளாண்மை குடலையில நிக்கிது, கதிர் வாற நேரம். மூணு நாள் தண்ணி பாயாட்டி எல்லாம் சாவிதான், ஒரு நெல்லும் தேறாது. வொரண்டி இரிக்கி, புதுசு தாறன் எண்டு ஏஜென்ட் செல்றான். ஆனா பில் வேணுமாம்."

"ஒரு நிமிசம் ஹாஜியார்" என்று பதிவைத் திறந்தேன். வாங்கிய திகதி இருந்தது, விலை இருந்தது. படத்தை அழுத்தினால் கோப்பு இல்லை என்று வந்தது. மற்றப் பில்களுக்கும் அதே பதில். அப்போதுதான் விளங்கியது. பேக்கப்பில் போனது கணக்கு மட்டும். படங்கள் வேறொரு ஃபோல்டரில் கிடந்து, பழைய ஹார்ட் டிஸ்க்கோடு போய்விட்டன.

"அப்ப ஒறிஜினல்?"

"ஸ்கேன் பண்ணினதுதானே எண்டு, சுருள் சுத்த, பஸ் நிலையத்தில கடலை விக்கிற கச்சான் காக்காக்கிட்டக் குடுத்திட்டன்."

"யா அல்லாஹ்! என்ட பம்பிய ஊரே கொறிச்சிட்டா?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். கச்சான் காக்கா சிரித்தார்.

"சின்னப் பில்லெல்லாம் போன கிழமையே முடிஞ்சி. தடிச்ச கடதாசி சுத்த வராது. அத தட்டுக்குக் கீழ விரிச்சிரிக்கன்."

தட்டைத் தூக்கினார். பம்பியின் பில் கிடந்தது. உப்பும் எண்ணெயும் ஊறியிருந்தாலும் எஞ்சின் இலக்கத்தை வாசிக்க முடிந்தது.

"சும்மா கொண்டு போகேலா. விரிக்க வேற ஒண்டு தாங்க" என்றார். அன்றைய பத்திரிகையைக் கொடுத்தேன்.

ஏஜென்ட் பில்லை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினார். "வறுத்த கையோட கொண்டு வாறீங்களா, கிளாக்கர்?" என்று கேட்டுவிட்டு இலக்கத்தைத் தன் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து, பில்லைத் திருப்பித் தந்தார். மாலை 4.30க்குப் புதுப் பம்பி வயலில் ஓடியது.

ஹாஜியார் ஏசவில்லை. "மிசின்ல குற்றம் செல்லாதீங்க. எடுத்து வச்சத ஒரு நாளாவது தொறந்து பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை. சேமித்ததைத் திறந்து பார்க்காதவரை அதைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது என்பதை அன்று படித்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் பில்லை மீண்டும் ஸ்கேன் செய்தேன். கணக்கோடு படத்தையும் ஃபுளொப்பியில் ஏற்றி, பக்கத்துக் கடைக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தேன். எண்ணெய்க் கறை உட்பட எல்லாம் தெரிந்தது. அதன் பிறகுதான் ஃபுளொப்பியின் மேல் திகதி எழுதினேன்.