அந்தோணியின் காணி

இத்தாலியின் தெற்கே, நேப்பிள்ஸ் நகரிலிருந்து பஸ் ஏறி மலைக்கு வந்தால் எங்கள் ஊர். இங்கே புதிதாக ஒருவரைக் கண்டால், பெயரைக் கேட்பதற்கு முன்பே, "நீங்கள் யாருக்குச் சொந்தம்?" என்று கேட்கிறார்கள். "ஆ கி அப்பார்த்தெனேத்தே?" ரொட்டிக் கடையில் கேட்கிறார்கள், பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது கேட்கிறார்கள். நகரத்தில் நான் பராமரித்த கிழவியம்மா இந்த மலைக்காரி. ஊசி போட வரும் டாக்டரிடம்கூட இதைக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார். அதனால் எனக்கு அந்தக் கேள்வி பழக்கம். என் கணவர் ராஜனுக்குத் தெரியாது. அது எங்கள் காணியையே ஒரு நாள் ஆட்டிப் பார்த்தது.

நாங்கள் இருவரும் சப்ரகமுவத் தோட்டங்களில் பிறந்தவர்கள். எனக்கு ஓப்பநாயக்கவுக்கு மேலே, தேயிலையும் றப்பரும் கலந்த தோட்டம். அவருக்குப் பெல்மதுளைப் பக்கம். நேப்பிள்ஸில் எங்களுக்குத் தமிழ்ச் சனத்தைவிடச் சிங்களச் சனமே அதிகப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திக்கும் சிநேகிதிகள், "இடம கத்தத?" என்று விசாரிப்பார்கள். காணி வாங்கியாயிற்றா என்று அர்த்தம். அவர்கள் மொழியில் இடம என்றால் காணி. எங்கள் வீட்டில் இடம் என்ற சொல் படுக்க இடம், குந்த இடம் என்பதைத் தாண்டிப் போனதில்லை. நான்கு தலைமுறையாகத் தோட்டத்து மண்ணில் வேலை செய்தவர்கள், அதில் ஒரு பிடியும் எங்கள் பெயரில் இருந்ததில்லை.

என் அப்பா அந்தோணி ஒருமுறை முயன்று பார்த்தார். நாங்கள் மூன்று பெண்பிள்ளைகள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே காம்பிரா. அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. நாங்கள் வளர்ந்ததும், உடுப்பு மாற்றுவதற்கென்று அப்பா பின்பக்கமாகப் பலகையும் தகரமும் வைத்து ஒரு சின்ன அறை கட்டினார். கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்தார். நாங்கள் மூவரும் அதற்குள் நின்று, காரணமே இல்லாமல் தாழ்ப்பாளைப் போட்டும் திறந்தும் பார்த்தோம். பெயிண்ட் காய்வதற்குள் ஆள் வந்துவிட்டது. அனுமதி இல்லாமல் கட்டியிருக்கிறது, உடனே கழற்றச் சொல்லித் தோட்டத்தை நடத்தும் தொரையின் உத்தரவு. அப்பா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. தானே பலகைகளைக் கழற்றினார். அம்மா அவர் பக்கத்தில் நின்று தகரத்தைப் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் அப்பா எங்களிடம், "நெலம் நம்மளது இல்லயேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆணி அடிக்கவே அவருக்குக் கை வரவில்லை.

இந்த மலையில் விலைக்கு வந்த துண்டு பெரிதில்லை. சரிவில் சில ஒலிவ மரங்கள், கூரை விழுந்த ஒரு கல் வீடு. அந்தக் கல் வீடு இருந்ததால்தான் அதன் இடத்தில் புது வீடு கட்ட அனுமதி கிடைக்கும் என்றார்கள். சொந்தக்காரர் வடக்கே குடியேறிவிட்டவர், விற்கத் தயார். ஆனால் இந்த நாட்டுச் சட்டப்படி, விவசாயக் காணியை விற்கும்போது பக்கத்தில் பயிர் செய்கிறவருக்குத்தான் முதல் உரிமை. அவர் வேண்டாம் என்று கையெழுத்து வைத்தால்தான் மற்றவர்கள் வாங்கலாம். பக்கத்துக் காணிக்காரர் பெயர் தொனாத்தோ. எழுபதைத் தாண்டியவர், மனைவி இல்லை, மகன் ஜெர்மனியில். அவரைப் பார்க்க நாங்கள் போனபோது அவர் விலைக்கு வந்த அந்தத் துண்டுக்குள்ளேதான் இருந்தார். ஒரு நீளக் கம்பை ஊன்றி ஊன்றி எல்லையோரம் நடந்துகொண்டிருந்தார்.

அவரைக் கண்டதும் ராஜன் ஒலிவ மரத்தடியிலிருந்து நகர்ந்து, தெருவில் போய் நின்றுகொண்டார். யாரும் போகச் சொல்லவில்லை. கால் தானாகவே அப்படிச் செய்தது என்று பிறகு சொன்னார். தொனாத்தோ எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். யாருக்குச் சொந்தம்? ராஜன் முதுகை நிமிர்த்தி, தான் வேலை செய்யும் பண்டகசாலை முதலாளியின் பெயரைச் சொன்னார். எந்தத் தோட்டத்து ஆள், எந்தக் கங்காணியின் ஆள் என்று கேட்டே பழகிய காது அவருடையது. தொனாத்தோவின் முகம் சுருங்கியது. யாரோ பணக்காரன் எங்களை முன்னால் விட்டு இந்தக் காணியை வாங்கப் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டார். அப்படியானால் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். அவர் கேட்டது முதலாளியை இல்லை, எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பதைத்தான். நான் பேசும் இத்தாலிய மொழி கிழவியம்மாவிடம் கற்றது, பாதி மலைப் பேச்சு. "நாங்கள் யாருடைய வேலையாட்களும் இல்லை. நான் அந்தோணியின் மகள்" என்றேன். அவர் நின்றார். "எந்த அந்தோனியோ?" என்று கேட்டார். தூரத்து நாட்டில், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர், இறந்துவிட்டார் என்றேன். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். அப்பா எப்படி இறந்தார், நான் பக்கத்தில் இருந்தேனா என்று கேட்டார். இல்லை என்றேன். சாவுச் செய்தி வந்தபோது நான் இந்த நாட்டில் கிழவியம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தெருவில் நின்ற ராஜனைக் காட்டி, அவரை ஏன் வெளியே நிறுத்தியிருக்கிறாய், உள்ளே கூப்பிடு என்றார்.

கையெழுத்து வைக்கச் சம்மதித்தார். ஒன்று மட்டும் கேட்டார். காணியின் மேற்புறமாகப் போய்த்தான் அவர் தன் கஷ்கொட்டை மரங்களுக்குப் போகவேண்டும். அந்த வழியை அடைக்காமல் விடுவீர்களா என்று. எங்களிடம் ஒருவர் வழிக்கு அனுமதி கேட்பது அதுவே முதல்முறை. ராஜனுக்கு இத்தாலியன் மறந்துபோனது. ஊரில் பெரிய ஆட்களிடம் பேசும் சிங்களம்தான் வாயில் வந்தது. "ஹரி மாத்தயா" என்றார், சரி ஐயா என்று. தொனாத்தோவுக்கு அது எப்படியோ புரிந்தது.

இப்போது ஊருக்குள் எங்களை யாருக்குச் சொந்தம் என்று யாரும் கேட்பதில்லை. தொனாத்தோ சொல்லிவைத்திருக்கிறார். எங்கள் துண்டுக்கு 'அந்தோனியோவின் காணி' என்றே பெயர் நின்றுவிட்டது. தபால்காரரும் அப்படித்தான் வழி கேட்டு வந்தார். அன்று ஊருக்குள் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான் கொஞ்ச நேரம் அழுதேன்.

போன வாரம் அத்திவாரம் வெட்டுவதற்காக, தரையில் ஆணி அடித்து நூல் கட்டினார்கள். அம்மா இன்னும் ஓப்பநாயக்கவில், அதே காம்பிராவில்தான் இருக்கிறாள். வா என்றால், அப்பாவின் கல்லறைக்கு யார் மெழுகுவர்த்தி கொளுத்துவது என்கிறாள். வீடியோவில் கூப்பிட்டு நூலைக் காட்டினேன்.

"யாருகிட்ட கேட்டுட்டு கட்டுறீங்க?" என்றாள்.

"யாருகிட்டயும் கேக்க வேணாம்மா. நம்ம நெலம்."

பிறகு, "எனக்கு எந்தக் காம்பிரா?" என்று கேட்டாள். கிழக்குப் பக்கத்து அறைக்குள் போய் நின்று காட்டினேன். எவ்வளவு பெரிசு என்றாள். நான் நூலோரமாக நடந்து, இத்தனை எட்டு வைத்தேன் என்று சொன்னேன். அவள் போனைச் சன்னல் விளிம்பில் சாத்தி வைத்துவிட்டு வாசலில் இறங்கினாள். அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இங்கே உச்சி வெயில். வேலைக்கு நடந்து தேய்ந்த கால்களால் எட்டு வைத்து எண்ணிக்கொண்டே போனாள். பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டி, தண்ணி ஓடும் கானுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் சொன்ன அறை அங்கேயும் முடியவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கானைத் தாண்டினாள். திரும்பிப் பார்த்து, அங்கிருந்தே உரக்கச் சொன்னாள்.

"நீ அந்த மூலையில நில்லு. நான் இந்த மூலையில நிக்கிறேன்."

நான் போய் நின்றேன்.