ஃபேக்ஸில் தாள் தீர்ந்த நாள்

டாரியா ஹால்சுக் இருபத்தொன்பது வருஷமாகக் காந்தம் வெட்டிக்கொண்டிருந்தாள். சாஸ்கட்டூன் பைசன்ஸ் பனி ஹாக்கி அணியின் அலுவலகத்தில் அவளுக்கு ஆயிரம் வேலை. புது ஆட்டக்காரனுக்கு வீடு பிடித்துக் கொடுப்பாள், அவன் பெண்டாட்டிக்குப் பல் டாக்டரைக் காட்டுவாள். ஜூன் பிறந்துவிட்டால் மட்டும் காந்தம்தான். லீக்கில் இருக்கிற அத்தனை ஆட்டக்காரர்களின் பெயர்களையும் விரல் நீளக் காந்தப் பட்டைகளில் அச்சடித்து, ஓரம் வெட்டி, ஷூ பெட்டியில் அடுக்கி, மூன்றாம் மாடி அறை வாசலில் வைத்துவிட்டு வருவாள். உள்ளே சுவர் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை. அந்தக் காந்தங்களை ஒட்டியும் பெயர்த்தும்தான் கோடை முழுக்க அடுத்த வருஷத்து அணியைக் கட்டுவார்கள்.

அவள் வாசலோடு சரி. ஒருத்தராவது உள்ளே வந்து உட்காரச் சொன்னதில்லை. வியாழக்கிழமை சீட்டாட்டத்தில் மற்றப் பெண்கள், "யாரை எடுக்கப்போறாங்க டாரியா?" என்று குடைவார்கள். எல்லாம் தெரிந்தவள் மாதிரி சிரித்து வைப்பாள். ஒரு மண்ணும் தெரியாது. அது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி அணி மேலாளர் கெர் அவளை மேலே கூப்பிட்டார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"உட்காருங்க டாரியா. இத்தனை வருஷமா ஆட்டம் பாக்கிறீங்க, உங்க அபிப்பிராயம் எனக்கு வேணும். இடது பக்கத்துக்கு யாரைப் போடலாம்?"

தட்டுத் தடுமாறி ஒரு பெயர் சொன்னாள். அவர் பெட்டியைத் துழாவி, அவள் வெட்டிய அந்தக் காந்தத்தை எடுத்துப் பலகையில் ஒட்டினார். நாற்காலி நல்ல மெத்தென்ற தோல் நாற்காலி.

பிறகு கெர், பலகையில் கார்சன் ரெம்பெல் என்ற பெயரில் விரலை வைத்தார். முப்பத்துநாலு வயதுத் தடுப்பாட்டக்காரன். முட்டி தேய்ந்தாயிற்று, சம்பளம் மட்டும் குறையவில்லை. லீக் வைத்திருக்கிற சம்பள வரம்புக்குள் ஒரு இளைஞனைக் கொண்டுவர வேண்டுமானால் கார்சனைத் தள்ளிவிட வேண்டும். அவனை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது தெற்கே, கடலோரத்து அணி ஒன்றுதான். ஆனால் அவன் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. போக விரும்பாத பத்து அணிகளின் பெயரை எழுதி, ஜூன் முப்பது பகல் பன்னிரண்டுக்குள் அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பலாம். அனுப்பினால் அந்தப் பத்துக்கும் அவனை விற்க முடியாது. தவறினால் எங்கே வேண்டுமானாலும் தள்ளலாம். கடலோரத்து அணிதான் வருஷா வருஷம் அவன் பட்டியலில் முதல் பெயர்.

காரணம் ஊருக்கே தெரியும். அவன் அப்பா ஐசக் ஆற்றங்கரை முதியோர் இல்லத்தில் இருந்தார். ஞாபகமெல்லாம் போய்விட்டது. ஒரு வேளையாவது மகன் கையால் ஊட்டினால்தான் சாப்பாடு இறங்கும். அவன் வெளியூர் ஆட்டத்துக்குப் போகிற நாளெல்லாம் நர்ஸுகள் பாடு திண்டாட்டம். அந்த இல்லத்தில் இடம் பிடித்துக் கொடுத்ததே டாரியாதான்.

"ஃபேக்ஸ் மிஷின்ல தாள் போடுறது யாரு?" என்றார் கெர்.

"நான்தான்."

"தாள் தீந்துபோறது சகஜந்தானே. நான் ஒண்ணும் சொல்லலை. நாளன்னிக்கு மத்தியானம் மேல வந்துடுங்க, சேர்ந்து உட்காந்து பேசுவோம்."

கார்சன் ஏஜெண்டைப் போன வருஷமே துரத்திவிட்டிருந்தான். பத்துப் பெயர் எழுத எனக்குத் தெரியாதா என்கிற விவசாயி வீறாப்பு. மற்ற அணிகள் யாரை எடுக்கின்றன என்று கடைசி நாள்வரை பார்த்துவிட்டுத்தான் எழுதுவான். எழுதியதை அவன் குடும்பப் பண்ணைக்குப் பக்கத்துத் தானியக் கிடங்கு ஆபீஸிலிருந்து அனுப்புவான். பண்ணை நகரத்திலிருந்து நூற்றுப்பத்து கிலோமீட்டர்.

முப்பதாம் தேதி பதினொன்று ஐந்துக்கு போன் வந்தது.

"டாரியாக்கா, மூணு தடவை போட்டுட்டேன், போகவே மாட்டேங்குது. உங்க மிஷின்ல தாள் இருக்கா, கொஞ்சம் பாருங்களேன்."

மிஷினில் தாள் தட்டு காலியாக இருந்தது. பிரிக்காத தாள் கட்டு அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

"நெறைய இருக்கு கார்சன். உங்க ஊரு லைன்தான் கோளாறு."

"போன்ல படம் புடிச்சு அனுப்பட்டா?"

"ஒப்பந்தத்துல ஃபேக்ஸ்னுதானே இருக்கு? அப்புறம் உனக்குத்தான் வம்பு."

"அதுவும் சரிதான். நல்லவேளை சொன்னீங்க. நானே வண்டியை எடுத்துட்டு வந்துடறேன், டவுன்ல வேற மிஷின்லேருந்து போட்டுடலாம்."

பாவி! அப்போதுகூடக் கட்டைப் பிரித்து நாலு தாளைச் செருகியிருக்கலாம். ஐம்பத்தைந்து நிமிஷம் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்திருந்தால்கூட மனசு ஆறும். கெர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனையும் ஒரு நாற்காலிக்காக.

பன்னிரண்டு ஒன்றுக்குத் தாளைப் போட்டாள். பன்னிரண்டு இருபதுக்கு கார்சன் வயலில் மருந்தடித்த பூட்ஸோடு ஓடிவந்தான். ஒரு கையில் வேர்வையில் நனைந்த பட்டியல், இன்னொரு கையில் வருஷா வருஷம் அவளுக்குக் கொண்டுவரும் பெர்ரிப் பழப் பலகாரம். கெர் நடைவழியிலேயே அவனை நிறுத்தி, கடலோரத்து அணிக்கு அவனை விற்றாயிற்று என்று ஒரே நிமிஷத்தில் சொல்லி, கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அவன் அவள் மேஜைக்கு வந்தான். முகம் வெளிறிக் கிடந்தது.

"வர்ற வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கிட்டே வந்தேங்க்கா. நீங்கதான் தாள் போட மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். இப்ப பாத்தா தட்டு நெறைய இருக்கு. என்னை மன்னிச்சிடுங்க."

"பரவால்ல, விடு," என்றாள்.

மன்னித்தாளாம்! இந்த வாயால்!

"அப்பாவை வாரத்துக்கு ஒருவாட்டி போய்ப் பாப்பீங்களா? என்னை விட்டா உங்க முகம் ஒண்ணுதான் அவருக்குக் கொஞ்சமாவது பழக்கம்."

"பாத்துக்கறேன்."

பலகாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அவள் தலைமுடியைச் சரி பண்ணிக்கொண்டு மேலே போனாள். உள்ளே நாலு பேர் இருந்தார்கள். தோல் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவள் சொன்ன பெயர், கார்சன் பெயரோடு சேர்ந்து, கழித்த காந்தங்கள் கிடக்கிற பெட்டியில் கிடந்தது.

"என்ன டாரியா?" என்றார் கெர், திரும்பாமலே. "புதுப் பையன் பேருக்குக் காந்தம் வேணும், சாயங்காலத்துக்குள்ள. கதவைச் சாத்திட்டுப் போங்க."

செப்டம்பரில் கார்சன் தெற்கே போய்ச் சேர்ந்தான். புதன்கிழமை மதியம் டாரியா பீட்ரூட் சூப் வைத்து எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். ஐசக் அவளை உற்றுப் பார்த்தார்.

"பைசன்ஸ் ஆபீஸ் பொம்பளைதானே நீ? எம்புள்ளைய இந்த வருஷமும் வெச்சிருக்காங்களா?"

"வெச்சிருக்காங்க."

"அப்ப வந்துருவான். அவன் வந்து ஊட்டட்டும்." வாயை மூடிக்கொண்டார். கரண்டி உதட்டில் முட்டி, சூப் சட்டையில் வழிந்தது.

"நாலு கிலோ எளைச்சுட்டாரு," என்றாள் நர்ஸ்.

சாயங்காலம் கார்சன் போன் பண்ணினான். "சாப்பிட்டாராக்கா?"

"நல்லா சாப்பிட்டாரு."

"நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்," என்று அவன் அழுதான்.