ஜெர்மன் பூட்டியும் அக்காளுக்கு வந்த சம்பந்தமும்

எங்கள் அக்காள் கர்த்தருடைய சமுகத்துக்குப் போய் ஓராண்டு நிறைவாகிறது. ஸ்தோத்திர ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காள் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே மகனோ மகளோ எழுத வேண்டிய இந்தக் கட்டுரையைத் தம்பியாகிய நான் எழுதுகிறேன். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இது ஐந்தாவது. முப்பத்தொரு ஆண்டுகள் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவன் நான். கண்முன்னால் இருக்கிற எண்ணைப் பார்த்து எழுதத் தெரியும். இந்த விஷயத்தில் நான் பார்த்தது என்ன என்பதே இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. குழப்பம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காள் சாத்தான்குளத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், சபை உபதேசியாராக இருந்த எங்கள் அப்பாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார்கள். நாங்கள் ஐந்து பேர், நான் நான்காவது. இப்போது மிஞ்சியிருப்பது நானும் கடைசித் தங்கையும். அக்காள் பதினோராம் வயதில் பாளையங்கோட்டை விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். தகரப்பெட்டி ஒன்று, பாவாடை மூன்று, வேதப்புத்தகம் ஒன்று. நர்ஸ் படிப்பை முடித்து, மகப்பேறு வார்டில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தார்கள். எங்கள் நால்வரையும் படிக்க வைத்தது அக்காள்தான். எனக்கு டைபாய்டு வந்து பத்தொன்பது நாள் கிடந்தபோது, வார்டிலிருந்து நேரே வந்து, காலில் இருந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பிரசவ வலியில் கத்துகிறவர்களிடம், "சத்தம் போட்டா பிள்ள பயந்துட்டு உள்ளேயே இருந்துக்கிடும்மா, பைய மூச்ச விடு" என்பார்கள். அவர்கள் பெயரைத் தங்கள் பெண்பிள்ளைகளுக்கு வைத்த தாய்மார் எனக்குத் தெரிந்தே பதினான்கு பேர்.

இனி ஜெர்மன் பூட்டிக்கு வருகிறேன். அப்பாவின் தாத்தாவைப் பெற்ற பூட்டி ஒரு ஜெர்மன் துரைசாணி என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. பெயர் வில்மினாள். மிஷன் காலத்தில் கப்பலில் வந்தவள், எங்கள் பூட்டனாரைக் கலியாணம் செய்து இங்கேயே தங்கிவிட்டாள் என்பார்கள். எந்த ஊர், யார் மகள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கண்ணைக் காட்டுவார்கள். அப்பா வழியில் பிறந்த இருபத்து மூன்று பேரில் நான்கு பேருக்குச் சாம்பல் நிறக் கண். அதில் ஒருவர் அக்காள். அசன விருந்தில் இலை போட்டுச் சோறு விழுவதற்குள் அப்பா யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

அக்காளுக்கு இருபத்தாறு வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். தன் தங்கையைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்த இடத்தில் அக்காளைப் பார்த்திருக்கிறார். பிறகு பெரியவர்களை வைத்து முறைப்படி கேட்டார். நல்ல மனிதர் என்று ஊரே சொன்னது. அவருடைய தகப்பனார் பனையேறுகிறவர். அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது: "துரைசாணி வம்சத்துப் பிள்ளைய பனைக்காரன் வீட்டுலயா கொண்டு தள்ளச் சொல்லுத?" அப்பா மறுப்புக் கடிதம் எழுதினார்கள். அதைச் சைக்கிளில் பதினோரு மைல் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். எனக்கு அப்போது பதினேழு வயது.

அப்போது ஊருக்கு வந்திருந்த அக்காள் விடுப்பு முடிந்து வார்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அதன்பின் வந்த மூன்று சம்பந்தங்களை அக்காளே வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்டால், "டூட்டி இருக்கு" என்பதோடு சரி. அந்த ஆசிரியர் வேறு இடத்தில் மணமுடித்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றார். அவரும் அவர் துணைவியாரும் இப்போது இல்லை.

எண்பத்திரண்டாம் வயதில் அக்காள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. படுக்கையாகி மூன்றாம் வாரம் என்னைக் கூப்பிட்டார்கள்.

"லே, கோயில் பதிவேடெல்லாம் பழசு இருக்குல்லா. அந்த ஜெர்மன்காரி யாருன்னு பார்த்துட்டு வா."

"இப்ப எதுக்குக்கா அது?"

"அவளச் சொல்லித்தான எனக்கு வந்தத வேண்டாம்னாவ. அவ நெசமா இல்லியான்னு சாவுறதுக்கு முன்ன நான் தெரிஞ்சிக்கிட வேண்டாமா?"

போனேன்.

சேகரத்து ஐயரவர்களிடம், அதாவது எங்கள் சபைக் குருவானவரிடம், அனுமதி வாங்கி, ஐந்து மாதத்தில் ஏழு முறை போனேன். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று வகைப் பதிவேடுகள். நான் புரட்டியது நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் செல்லரித்தது முப்பத்தெட்டு. பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் சபை ஊழியர் ஐம்பது வயதுக்காரர், வாய் சும்மா இராது.

"அண்ணாச்சி, பக்கத்த எண்ணுதியளா, பேரத் தேடுதியளா?"

"எண்ணாம எப்படிவே தேட?"

"அப்ப அடுத்த பண்டிகைக்கும் இங்கனதான் இருப்பிய."

முதல் வில்மினாள் அடக்கப் பதிவேட்டில் கிடைத்தாள். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு குருவானவரின் மனைவி. வயது இருபத்து நான்கு. வந்த இரண்டாம் வருஷம் காய்ச்சலில் இறந்தாள். பிள்ளை இல்லை. இவள் எங்கள் பூட்டியாக இருக்க முடியாது. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாவது வில்மினாள் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்தாள். ஏறக்குறைய ஏழு வயதுப் பெண்பிள்ளை. கொள்ளைநோய்க் காலத்தில் புன்னக்காயல் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டவள். தாய் தகப்பன் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் 'தெரியாது' என்று இருந்தது. குறிப்பில், 'விடுதிப் பிள்ளை. ஜெர்மனியிலுள்ள ஓர் அம்மாளின் ஆதரவு' என்று எழுதியிருந்தது. ஆதரவு என்றால் என்ன என்று நான் கேட்டேன்.

"அங்கன இருந்து ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு, துணிமணிக்கு அனுப்புத அம்மா யாரோ, அவ பேரத்தான் பிள்ளைக்கு வைப்பாவ, அண்ணாச்சி. இந்தப் பக்கத்துலயே பாருங்க, இங்கிலாந்துப் பேரு ஆறு, ஜெர்மன் பேரு ரெண்டு. அம்புட்டும் நம்மூர்ப் பிள்ளையதான்."

எண்ணிப் பார்த்தேன். இங்கிலாந்துப் பெயர் ஏழு இருந்தது.

மூன்றாவது வில்மினாள் திருமணப் பதிவேட்டில், எங்கள் பூட்டனாரின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தாள். விடுதிப் பிள்ளை, தகப்பன் பெயர் இல்லை, வயது பதினெட்டு. அப்படியானால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒருத்திதான் என்று முடித்துவிடலாம். ஆனால் இரண்டு பதிவுக்கும் இடையில் ஒன்பது வருஷம். ஏழும் ஒன்பதும் பதினாறு. இரண்டு வயது உதைக்கிறது. ஊழியரிடம் சொன்னேன்.

"அனாதப் பிள்ளைக்கு வயசு யாரு எழுதி வச்சிருப்பா? பல்லப் பார்த்து எழுதியிருப்பாவ."

"அப்ப எங்க வீட்டுல நாலு பேருக்கு இந்தக் கண்ணு எங்கேயிருந்துவே வந்துது?"

"கடக்கரையில எத்தன கப்பலு வந்து போயிருக்கோ. கண்ணுக்குன்னு பதிவேட்டுல கட்டம் போடல, அண்ணாச்சி."

இதற்குமேல் எனக்குத் தெரியாது. அவள் ஜெர்மன் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஜெர்மன் என்று எழுத ஒரு வரிகூட ஆதாரம் இல்லை.

பன்னிரண்டு நாள் அக்காளிடம் சொல்லாமல் இழுத்தடித்தேன். பதின்மூன்றாம் நாள் மத்தியானம் அக்காளே, "மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது, சொல்லித் தொலை" என்றார்கள். எழுதி வைத்திருந்ததை வாசித்தேன்.

"அம்ம அப்பன் பேரே இல்லியா?"

"இல்லக்கா."

"அப்ப அவளும் என்னிய மாதிரி போர்டிங் பிள்ளதான்." மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தார்கள். சிரித்தார்களா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "அப்பாட்ட யாரு போயி சொல்லுதது?" என்றார்கள்.

பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "லே, அந்தக் கடுதாசிய அவுக கையில குடுத்தேல்லா. வாசிச்சிட்டு என்ன சொன்னாவ?"

ஐம்பத்தேழு ஆண்டுகளில் அக்காள் இதைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அந்த ஆசிரியர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வெயிலில் வந்திருக்கிறாயே என்று ஒரு செம்பு பதநீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "உங்க அக்காவுக்கும் இதுதான் மனசா?" என்று கேட்டார். நான் "ஆமா" என்றேன். அப்படிச் சொல்லும்படி அப்பா எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன். துரைசாணி வம்சம் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது.

இதை அப்படியே அக்காளிடம் சொன்னேன்.

"நான் உன்ட்ட ஒண்ணும் சொல்லலியேலே."

"சொல்லல."

"நீ கேக்கவும் இல்ல."

"இல்லக்கா."

தண்ணீர் கேட்டார்கள். கொடுத்தேன். குடித்துவிட்டு, "வருசத்துக்கு எனக்கு மலர் போடுவியல்லா, அதுல பூட்டி பேரப் போடு. ஜெர்மன்னு போடாத. அம்ம அப்பன் தெரியாதுன்னே போடு. அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றார்கள். அதன்படியே போட்டிருக்கிறேன். உறவினர் சிலர் வருத்தப்படுவீர்கள். ஒருவர் இப்போதே என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அதன்பின் அக்காள் இருபத்திரண்டு நாள் இருந்தார்கள். தினமும் நான்தான் கஞ்சி புகட்டினேன். உப்பு இல்லை என்பார்கள், சூடு போதாது என்பார்கள். என்னை மன்னித்தார்களா என்று நான் கேட்கவில்லை. இருபத்திரண்டு நாளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் மன்னித்ததுபோலத் தோன்றுகிறது, மறுநாள் தோன்றவில்லை. எண்பத்து மூன்றாம் வயதில், ஞாயிறு ஆராதனைக்கு மணி அடித்துக்கொண்டிருந்த வேளையில் கண்மூடினார்கள்.

படுக்கையில் இருந்த எட்டு மாதமும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தங்கை மகளுக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்சம்மாமார் இருவருக்கும், ஜெபித்த ஐயரவர்களுக்கும், பதிவேடுகளை எடுத்துக் கொடுத்துக் கேலியும் பேசிய சபை ஊழியருக்கும், மூன்று முறை அச்சுப்பிழை திருத்திய அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடக்க ஆராதனையில் கடைசி வரிசையில் நின்றிருந்தவர் அந்த ஆசிரியரின் மூத்த மகன். "அப்பா இருந்தா வந்திருப்பாவ, அதான் வந்தேன்" என்றார். அவருக்கும் நன்றி. அன்று நான் தலையை மட்டும் ஆட்டினேன். இந்த மலரை அவருக்குத் தபாலில் அனுப்புகிறேன். ஐயா, உங்கள் அப்பாவுக்குச் சேரவேண்டிய பதில் ஒன்று என்னிடமே நின்றுவிட்டது. அன்று நான் சொன்ன 'ஆமா' என்னுடையது. அக்காளிடம் நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.