தரைத்தளத்துக்காரரின் லிஃப்ட் சவாரி

பேக்கரியில் ரொட்டி போடும் மாஸ்டருக்கு வீடு தரைத்தளத்தில். லிஃப்ட் அவருக்கு எதற்கு? ஆனாலும் வேலை முடிந்து வந்ததும் மொட்டை மாடி வரை ஒரு தடவை போய்விட்டு இறங்குவார். பராமரிப்புக்குப் பங்கு கொடுக்கிறோமே, சும்மா விடுவதா என்ற வீம்பு.

"ஊர் சுத்திட்டு வந்தாச்சா?" என்பாள் மனைவி.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வீடு. "வேற செலவு ஏதும் உண்டா?" என்று அப்போது கேட்கத்தான் செய்தார். "ஒண்ணும் இல்ல சார், சாவிய வாங்கிட்டுக் குடிபோக வேண்டியதுதான்" என்றார் விற்றவர். அதை நம்பினார், பாவி மனுஷன். குடிவந்த பிறகு ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. புது விலையை வைத்துச் சொத்து வரியை ஏற்றினார்கள். விற்றவர் கட்டாமல் விட்ட வரி பாக்கியும் இவர் தலையில் விழுந்தது. அதோடு இந்த லிஃப்ட். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் விழி பிதுங்கியது. வீட்டை விற்றால்தான் அவள் படிப்பு தொடரும்.

பல மாதம் கழித்து ஒரே ஒருத்தி வீடு பார்க்க வந்தாள். இளம் நர்ஸ். பிடித்துப்போன மாதிரிதான் தெரிந்தது. துணி காயவைக்கும் மாடியையும் காட்டிவிடலாம் என்று லிஃப்டில் ஏற்றினார். பாதி வழியில் அது நின்றுவிட்டது.

"மெக்கானிக்கக் கூப்பிட்டிருக்கேன் சார், பொறுங்க!" என்று கீழிருந்து காவலாளி கத்தினார்.

நர்ஸ் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இருக்குறதெல்லாம் வழிச்சுப் போட்டுத்தான் சார் வாங்கப் போறோம். வெலையத் தவிர வேற செலவு எதுவும் இல்லையே?"

'ஒண்ணும் இல்லம்மா' என்பது நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் போதும், மகளின் கட்டணம் கட்டிவிடலாம். அந்தப் பெட்டிக்குள் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இடமில்லை. அவளோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு விற்றவரை இவரும் இப்படித்தான் பார்த்தார்.

"இருக்கும்மா," என்றார். "நெறையவே இருக்கு."

வரியில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினார். மெக்கானிக் வந்து கதவைத் திறந்ததும் அவள் கும்பிட்டு, "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள். இனி வரமாட்டாள்.

"இந்த ரிப்பேர் செலவு எல்லா வீட்டுக்கும் பங்கு சார். உங்களுக்கும்தான்," என்றார் காவலாளி.

பதறி ஓடி வந்த மகள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளைப்பா, எப்படியோ வெளிய வந்துட்டீங்க."

மாஸ்டருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.