மெட்ராஸுக்குக் குப்புறப் படுத்துப் போனது

வால் எலும்பு வலியோடு தொலைதூரம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எண்பதுகளின் நடுவில், பொங்கல் முடிந்த கையோடு, என் வீட்டுக்காரரை நெய்வேலியிலிருந்து மெட்ராஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆம், இழுத்துக்கொண்டுதான். அவர் நிலக்கரி மைன்ஸில் மண் ஏற்றும் டம்பர் லாரி ஓட்டியவர்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யாருக்கு இடுப்பு வலித்தாலும் பழி டம்பர் சீட்டின் மேல்தான். இவரும் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை வெட்டி, ஸ்பாஞ்சு வைத்து மெத்தையாகத் தைத்து, ஷிப்டுக்குத் தூக்கிப்போனார். டாக்டரிடம் போனால் லைட் டூட்டிக்கு லெட்டர் மட்டும் கேட்பார். படுத்துக் காட்டச் சொன்னால் நழுவிவிடுவார். பொங்கலுக்கு இரண்டு வாரம் லீவு. டம்பர் பக்கமே போகவில்லை, அப்போதும் ராத்திரியெல்லாம் முனகினார்.

"சீட்டுதான் காரணம்னீங்க. இப்ப எந்த சீட்டுல உக்காந்தீங்க?" என்று கேட்டேன். மறுநாளே கிளம்பினோம்.

பண்ருட்டி, விழுப்புரம் வழியாக பஸ்ஸில் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர், ஆறு மணி நேரம். முத்தாண்டிக்குப்பம் தாண்டியதும் கண்டக்டர் வந்தார்.

"சீட்டு காலியாத்தான இருக்குது, ஏன் சார் நின்னுகினே வர்றீங்க?"

"உக்காந்தா உயிர் போகுதுங்க," என்றார் இவர்.

"அப்ப அந்த நீள சீட்டுல குப்புறப் படுத்துக்குங்க. கூட்டம் ஏறுனா நான் சொல்லிக்கிறேன்."

பொம்பளைகள் பார்ப்பார்கள் என்று விழுப்புரம் வரை வீம்பு பிடித்துவிட்டு அப்புறம் படுத்தார்.

மெட்ராஸ் டாக்டர் ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார், பிறகு பக்கவாட்டில் எக்ஸ்ரே, துளி சதை எடுத்துப் பரிசோதனை.

"வால் எலும்புல கட்டிம்மா. கார்டோமான்னு பேரு, ரொம்ப அபூர்வம். மெதுவாத்தான் வளரும், ஆனா விட்டா ஆபத்து. எலும்போட எடுத்துடணும்."

"பிழைச்சுக்குவாரா டாக்டர்?"

"முழுசா எடுத்துட்டா நல்லா இருப்பார்." எடுத்தார்கள்.

பயப்படாதீர்கள். அநேகருக்கு வால் எலும்பு வலி விழுந்ததாலோ உட்கார்ந்தே இருப்பதாலோ வருவது, ஆறிவிடும். ஓய்விலும் தூக்கத்திலும் விடாமல் வலித்தால் மட்டும் சீட்டைத் திட்டிக்கொண்டிருக்காமல் கூச்சத்தை விட்டு டாக்டரிடம் உடம்பைக் காட்டுங்கள். பஸ்ஸில் நடுவில் இடம் பிடியுங்கள், சக்கரத்துக்கு மேலே வேண்டவே வேண்டாம்.

சித்திரை வெயிலில் ஊர் திரும்பினோம். கையில் காற்றடித்த ரப்பர் வளையம். விழுப்புரம் வரை நின்றவர், "கொஞ்சம் தள்ளு," என்றார். ஜன்னலோரம் நகர்ந்தேன், வளையத்தைப் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் இறங்கவேண்டிய நெய்வேலி ஆர்ச் கேட் வந்து நான் எழுந்த பிறகும் அவர் எழ மனமில்லாமல் உட்கார்ந்தே இருந்தார்.